சில்லறைத் தட்டுப்பாட்டு டோக்கன்கள்: றங்குப் பெட்டியில் கிடைத்ததை இனங்காண்பதில் நேரும் தவறுகள்

கடையில் இரண்டு ரூபா மிச்சத்துக்கு டொபி தருகிறார்கள். பஸ் கொண்டக்டர் ரிக்கற்றின் பின்பக்கத்தில் "20" என்று கிறுக்கி, இறங்கும்போது வாங்கச் சொல்கிறார். இரண்டுக்கும் காரணம் சில்லறை இல்லாததுதான். ஆனால் அதே டொபியை மறுநாள் அதே கடையில் நீட்டி நெருப்புப்பெட்டி வாங்க முடியாது. ரிக்கற்றை நீட்டினால் கொண்டக்டர் இருபது ரூபாவைத் தந்தே ஆகவேண்டும். பழைய வணிகர்களின் டோக்கன் இந்த ரிக்கற்றின் இனம். இதைத் திருப்பிக் கொண்டுவந்தால் நான் மாற்றித் தருவேன் என்று ஒருவர் கொடுத்த வாக்கு அது. செம்பிலோ பித்தளையிலோ ஈயத்திலோ அடித்திருப்பது இரண்டாம் பட்சம்.

பழைய பேணியிலோ றங்குப் பெட்டியிலோ ஒரு செப்பு வில்லை கிடைத்தால் நம்மவர்கள் கேட்பது "இது எந்தக் காலம்? என்ன விலை போகும்?" என்பதைத்தான். "இதை யார் மாற்றித் தருவதாகச் சொன்னார்? யாருக்கு? எங்கே?" என்று முதலில் கேட்டால், கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நேராது.

"செம்பு கிடைக்காத காலத்து வேலை"

சமூக ஊடகப் பதிவுகளில் அதிகம் காணப்படும் விளக்கம் இது. செம்பு இல்லாவிட்டால் டோக்கனை எதில் அடித்தார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவின் புகழ்பெற்ற டோக்கனை 1787இல் வெளியிட்டது வேல்ஸின் ஆங்கில்சீ தீவிலிருந்த பாரிஸ் மலைச் செப்புச் சுரங்கக் கம்பனி. பிரான்ஸ் நாட்டுப் பாரிஸ் வேறு. அந்தக் கம்பனிக்குச் செம்பு மலையாகக் கிடந்தது. இல்லாதது அரச சில்லறைதான்.

அரச நாணயசாலைக்குப் பெரிய காசு ஒன்றை அடிக்கும் கூலியும் சின்னக் காசு ஒன்றை அடிக்கும் கூலியும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே பெறுமதி குறைந்த காசை அடிப்பது அதற்கு எப்போதும் வேண்டாத வேலை. 1775க்குப் பிறகு லண்டன் நாணயசாலை செப்புக் காசு அடிப்பதையே விட்டுவிட்டது. 1797இல் பேர்மிங்ஹாம் முதலாளி மத்தியூ போல்ட்டன் தன் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தால் அடித்துக் கொடுத்த பிறகுதான் புதிய பென்னி வந்தது. அதன் எடை ஒரு அவுன்ஸ், அதாவது 28.3 கிராம். விட்டம் 36 மில்லிமீற்றர். இடைப்பட்ட இருபத்திரண்டு வருடங்களில் ஆலைகள் பெருகின, வாரக்கூலிக்காரர் பெருகினர். கூலி கொடுக்கச் சில்லறை இல்லாத முதலாளிகள் தாங்களே அடித்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் உள்நாட்டுப் போர்க்காலத் தட்டுப்பாடு வேறு வகை. அங்கே நாணயசாலை தூங்கவில்லை, மக்கள் பதுக்கினார்கள். 1861 கடைசியில் வங்கிகள் நோட்டுக்குப் பொன், வெள்ளி கொடுப்பதை நிறுத்தின. அடுத்த வருடம் ஒரு சதக் காசுகூடக் கடைகளில் மறைந்தது. தபால் முத்திரைகளைக் காசாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை கையில் ஒட்டிக் கிழிந்தன. பித்தளைச் சட்டத்துக்குள் மைக்கா மூடியின்கீழ் முத்திரையை வைத்தும் விற்றார்கள். பிறகு கடைக்காரர்கள் ஒரு சதத்தின் அளவிலேயே, சுமார் 19 மில்லிமீற்றர் விட்டத்தில், செப்பு வில்லைகளை அடிப்பித்தார்கள். அவற்றில் மிகப் பலவற்றில் 1863 என்றிருக்கும். 1864 ஏப்ரல் 22இல் வெண்கலச் சதத்துக்கான சட்டமும் யூன் 8இல் தனியார் காசைத் தடைசெய்யும் சட்டமும் வந்தன. இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாகக் குழைத்து எழுதினால் இரண்டும் பிழையாகும்.

அரசின் காசுக்கே டோக்கன் என்று பெயர் வைப்பது

வடிவம் விசித்திரமாக இருந்தாலே டோக்கன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படி அடிக்கடி மாட்டிக்கொள்பவை சில.

நந்தியும் "சேது" என்ற தமிழ் எழுத்தும் உள்ள செப்புக் காசு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுடையது. அது கோயில் வில்லையும் அல்ல, சேதுக்கரை யாத்திரை டோக்கனும் அல்ல. ஓர் அரசின் நாணயம்.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி (VOC) முத்திரையுடன், ஓரம் ஒழுங்கில்லாமல் தடிப்பாக இருக்கும் ஸ்டைவர் காசுகளையும் "யாரோ கடைக்காரன் அடித்தது" என்பார்கள். முத்திரைக்கு மேலே உள்ள தனி எழுத்தைப் பாருங்கள். கொழும்புக்கு "சி" (C), காலிக்கு "ஜி" (G), திருகோணமலைக்கு "ரி" (T). நெட்டுக்குத்தாக ஒரு கோடுபோல "ஐ" (I) இருந்தால் அது யாழ்ப்பாணத்தில் அடித்தது. ஒல்லாந்தரின் டொய்ட் என்ற சின்னச் செப்புக் காசின் பெயர் இன்றும் நம் வாயில் "துட்டு" என்று கிடக்கிறது.

1870ஆம் ஆண்டுச் செப்புச் சதங்களிலும் ஐந்து சதத்திலும் ஒரு மரம் இருக்கும். பனை என்று நம்பி, "பனங்கட்டி வியாபாரியின் டோக்கன்" என்று கற்பனையை ஓட்டவேண்டாம். அது தாளிப்பனை. இரு பக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் பெறுமதி இருக்கும், மறுபுறம் விக்டோரியா இராணி. இரண்டாம் உலகப் போரில் காசுக்கு உலோகம் இல்லாதபோது இலங்கை அரசு 1942இல் அடித்த ஐந்து சத நோட்டும் இப்படித்தான். இரண்டு சதமாகவும் மூன்று சதமாகவும் கிழித்துப் பயன்படுத்த நடுவில் துளைவரிசை வைத்திருந்தார்கள். பாதித் துண்டு மட்டும் கிடைத்தவர்கள் சங்கக்கடைக் கூப்பன் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் அதுவும் அரசின் பணம்.

வேலைக் கணக்கு வில்லையைச் சில்லறை என்று எண்ணுவது

இது சற்று நுட்பமானது, நன்றாகத் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம். கொழும்பில் கோப்பி துப்புரவாக்கும் மில்கள் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயரிட்ட வில்லைகளை அடிப்பித்தன. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் வேகந்த மில் வில்லை அவற்றில் பெயர்பெற்றது. கோப்பிக் கொட்டை பொறுக்கும் பெண்களுக்குச் செய்த வேலைக்கு அத்தாட்சியாக வில்லை கொடுத்து, பிறகு அதைக் காசாக மாற்றிக் கொடுத்தார்கள். இதன் முதல் வேலை கணக்கு வைப்பது. வெளியே கடையில் சில்லறையாக ஓடியிருந்தால் அது பக்க விளைவு. "இலங்கையில் சில்லறை இல்லாததால் கோப்பிக் கம்பனிகள் பணம் அடித்தன" என்று ஒரே வரியில் முடித்தால், வில்லையில் ஏன் மில்லின் பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்குப் பதில் கிடைக்காது.

தகரத் துண்டு இதைவிடத் தூரம். 1900களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் கழுத்தில் தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் குத்திய தகர வில்லையைக் கட்டிவிட்டார்கள். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் பெயரில் எழுதுவது என்பதற்கான அடையாளம் அது. துளை இருக்கும், பெறுமதி இருக்காது. அதைப் பணம் என்று விற்பவருக்கு அதன் வரலாறு தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

சேவல் காசு

யாழ்ப்பாணத்தவர் அதிகம் கவனிக்கவேண்டியது இதைத்தான். மலாயாவில் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைசெய்து பென்சனுடன் திரும்பியவர்களின் ஊர் இது. அந்த வீடுகளின் பெட்டிகளில் ஒரு பக்கம் சேவலும் மறுபக்கம் அரபு எழுத்தும் உள்ள மெல்லிய செப்புக் காசு கிடைக்கக்கூடும். சேவலைக் கண்டதும் முருகனின் கொடி ஞாபகம் வந்து, "நல்லூர்க் கோயில் காசு" என்று சொல்லத் தோன்றும். மறுபக்கத்து அரபு எழுத்தைப் பார்த்தாவது அந்த எண்ணத்தைக் கைவிடவேண்டும்.

அது சிங்கப்பூர் வணிகர்களின் டோக்கன். 1820களின் கடைசியிலிருந்து அவர்கள் இவற்றை இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமில் அடிப்பித்துக் கப்பலில் இறக்கினார்கள். மலாயாக் குடாநாட்டிலும் சுமாத்திராவிலும் சின்ன வியாபாரத்துக்குச் செப்புக் காசு போதாமலிருந்தது. மொத்தமாக வாங்கிச் சில்லறையாக ஓடவிட்டால் அடிப்பித்தவருக்கு இலாபமும் கிடைத்தது. எழுத்து ஜாவி, அதாவது அரபு எழுத்தில் மலாய். சேவலின் பக்கத்தில் "தானா மெலாயு", மலாய் நாடு என்று பொருள். மறுபக்கம் "சாத்து கெப்பிங்", அதாவது ஒரு கெப்பிங் என்ற சின்னச் செப்புக் காசு, அதன் கீழே முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டு.

இதில் மூன்று தவறுகள் சேர்ந்தே நடக்கின்றன.

முதலாவது, ஆண்டை அப்படியே எடுப்பது. 1247 என்றிருந்தால் 1247ஆம் ஆண்டுக் காசு என்று எழுதிவிடுகிறார்கள். ஹிஜ்ரி 1247 என்பது கி.பி. 1831–32. ஹிஜ்ரிக்கு வருடம் சுமார் 354 நாள் என்பதால், 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட விடை வரும்: 1247 × 0.97 = 1209.6, அதனுடன் 622 சேர்த்தால் 1831.6. இலக்கத்தைப் படிக்கும்போது காசைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள். அரபு இலக்கத்தில் 7 மேல்நோக்கித் திறந்த கவை, 8 கவிழ்த்த கவை. திருப்பிப் பிடித்தால் ஒன்று மற்றொன்றாகும். எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் இலக்கம் இடமிருந்து வலமாகத்தான்.

இரண்டாவது, கணக்குச் சரியாக வந்தாலும் ஆண்டை நம்புவது. சில சேவல் காசுகளில் 1411 இருக்கும். கணக்குப் போட்டால் 1990 வரும்! "அப்ப இது போலி" என்று எறிந்துவிட வேண்டாம். 1411 என்று பொறித்த காசுகள் 1830களிலேயே ஓடியவை, அந்த ஆண்டே கற்பனை. அதேபோல "சுமாத்திராத் தீவு 1804" என்று ஆங்கிலத்தில் உள்ளதையும் 1804இல் அடித்தது என்று அப்படியே கொள்ளக்கூடாது.

மூன்றாவது, இடப்பெயரை நம்புவது. ஆச்சே, சியாக், பேராக், சிலாங்கூர், மினாங்கபாவு என்று பல பெயர்கள் இந்த டோக்கன்களில் வரும். அந்த நாட்டு ஆட்சியாளர் அடித்தது என்று பொருள் கொள்ளவேண்டாம். எங்கே ஓடவேண்டுமோ அந்த ஊரின் பெயரை வணிகர் போட்டுக்கொண்டார். தன் பெயரைப் போட்டவர் அபூர்வம். 1828இல் "சிங்கப்பூர்த் தீவு" என்று அடிப்பித்த சி. ஆர். றீட் என்ற வணிகர் அப்படி ஒருவர். மற்றவர்கள் ஏன் ஒளிந்தார்கள் என்றால், வாக்குக் கொடுத்தவரின் பெயர் இல்லாவிட்டால் மாற்றித் தரும் பொறுப்பும் இல்லை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி அரசு நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) 1845 எனப் பொறித்த சதம், அரைச் சதம், கால் சதக் காசுகளை விட்ட பிறகு கெப்பிங்கின் காலம் முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. "பூட்டனார் 1910இல் மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்ரர், ஆகவே இது 1910 காசு" என்பார்கள். காசின் வயது வேறு, அதைக் கொண்டுவந்தவரின் உத்தியோகக் காலம் வேறு.

தெய்வ உருவமும் கம்பனிப் பெயரும் ஒன்றாக வந்தால்

இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், "கிழக்கிந்தியக் கம்பனி அரை அணா" என்பது மறுபக்கம், ஆண்டு 1616, 1717 அல்லது 1818. வாங்காதீர்கள். கம்பனி ஒருபோதும் இப்படிக் காசு அடிக்கவில்லை. இவை பின்னாளில் விற்பனைக்காகச் செய்த கற்பனை வில்லைகள். இலட்சக்கணக்கில் விலை போகும், அரிசியை இழுக்கும் என்ற கதைகளுடன் இவை வரும். கோயில்களில் வழங்கிய இராமடங்கா என்ற பக்தி வில்லை உண்மையில் இருந்தது. அது பூசையறைப் பொருள், சில்லறை அல்ல.

வாக்கின் முழு வாசகத்தையும் படிக்காமல் விடுவது

பிரித்தானிய டோக்கன் என்றால் மூன்று இடத்தில் படிக்கவேண்டும்: முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. பலர் விளிம்பைப் பார்ப்பதே இல்லை. பாரிஸ் மலைப் பென்னியின் ஒரு பக்கத்தில் துரூயிட் என்ற பண்டைக்காலப் பூசாரியின் தலை, மறுபக்கம் "கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக வாக்களிக்கிறோம்". எங்கே தருவார்கள் என்பது விளிம்பில்தான் இருக்கிறது: கேட்டவுடன், லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கில்சீயில். காசை நிறுத்திவைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, மெதுவாக உருட்டிப் படிக்கவேண்டும்.

1811 முதல் 1813 வரையான செப்புப் பென்னி டோக்கன்களில் வேறொரு வாசகம் வரும்: "240 டோக்கன்களுக்கு ஒரு பவுண் நோட்டு". 240 பென்னி ஒரு பவுண் என்பதால் கணக்குச் சரி. ஆனால் கையில் பத்து டோக்கன் உள்ள கூலித் தொழிலாளிக்கு இந்த வாக்கால் பயனில்லை. 240 சேரும்வரை காத்திருக்கவேண்டும், சேர்ந்தாலும் கிடைப்பது கடதாசி. எனவே "டோக்கனை எப்போது கொடுத்தாலும் உடனே காசு கிடைத்தது" என்று பொதுவாக எழுதுவது தவறு. இங்கிலாந்தில் 1817இல் ஒரு சட்டம் தனியார் டோக்கனைத் தடுத்தது.

நிறையும் அடர்த்தியும்

நகைக்கடைத் தராசுபோல 0.01 கிராம் வரை காட்டும் ஒன்று வேண்டும். மரக்கறிக்கடைத் தராசு உதவாது. கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் தெரிந்தவர் இருந்தால் நிறுத்துத் தருவார். ஆனால் உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். பழக்கதோஷத்தில் கை போய்விடும்.

உலோகத்தை அறிய: உலர்ந்த நிறையை எழுதுங்கள். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவதால் உலர்ந்த நிறையை வகுத்தால் அடர்த்தி. 9.00 கிராம் காசு 1.01 காட்டினால் விடை 8.91, செம்பின் அடர்த்தி 8.96. பித்தளை 8.4 முதல் 8.7, ஈயம் 11.3, வெள்ளீயம் 7.3.

காசில் ஒட்டிய குமிழி முதலாவது சிக்கல். தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரத் திரவம் விட்டால் குமிழி நிற்காது. இரண்டாவதை யாரும் சொல்வதில்லை: காசு சின்னதாக இருந்தால் இந்த முறை நம்பத்தக்கதல்ல. 2.00 கிராம் காசுக்குத் தராசு 0.22 காட்டினால் 9.1, 0.23 காட்டினால் 8.7, 0.24 காட்டினால் 8.3. தராசின் கடைசி இலக்கம் ஒன்று ஆடினால் செம்பு பித்தளையாகிவிடும். சேவல் காசு போன்றவற்றில் ஈயமா இல்லையா என்பதை மட்டும் இதனால் தீர்மானிக்கலாம்.

போலியைப் பிடிக்க அடர்த்தியைவிட விளிம்பு நல்லது. வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையற்கோடு, அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். எழுத்துகளின் ஓரம் சவர்க்காரக் கட்டிபோல மழுங்கியிருக்கும். அச்சுக்குத்திய காசில் எழுத்தின் அடி கூர்மையாக எழும்பும்.

பழப்புளி

குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய கை, காசையும் விடாது. தேசிக்காய், வினாகிரி, பித்தளைக்குப் பூசும் மினுக்கி எல்லாம் ஒன்றுதான். நூற்றைம்பது வருடம் படிந்த மண்ணிறப் படலத்தைக் கரைத்து, இளஞ்சிவப்பு நிற வெறும் செம்பை வெளியே கொண்டுவரும். மெல்லிய எழுத்தும் அதோடு போகும். சேகரிப்பவர் ஒருவரும் பிறகு அதைத் தொடமாட்டார்.

செய்யக்கூடியது இவ்வளவுதான். காய்ச்சி வடித்த நீரில் 24 மணித்தியாலம் ஊறவிட்டு, நீரை மாற்றி மீண்டும் ஊறவிடுங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்பு நிலம், கரையோரம் என்றால் சவரும் சேரும், அந்த உப்புத்தான் செம்பின் எதிரி. பற்றரிக் கடையில் வடித்த நீர் கிடைக்கும், பக்கத்தில் நிற்கும் அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்த அசெற்றோன், நெருப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்தில். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பிறகு துடைக்காமல், மெல்லிய துணியால் ஒற்றி உலரவிடுங்கள்.

செம்பில் வெளிர்பச்சையாக மாப்போல ஒரு பொடி தோன்றி, பற்குச்சி பட்டதும் உதிர்ந்தால் அது பாசி அல்ல, குளோரைட் நோய். கடற்காற்று வீசும் ஊரில் சாதாரணமாக வருவது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடலாம். மிருதுவான பிவிசி உறைகள் காலப்போக்கில் அமிலம் விட்டுக் காசில் பச்சைப் பிசினை ஒட்டவைக்கும். பொலியெஸ்ரர் உறை நல்லது. ஈய டோக்கனை மரப்பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவியால் வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி நஞ்சு, தொட்டால் கை கழுவவேண்டும்.

சட்டமும் குறிப்பும்

இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. சேதுக் காசும் ஒல்லாந்தர் ஸ்டைவரும் அதற்குள் வரும். கிணறு வெட்டும்போது கிடைத்ததை மறைப்பதும், அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். கனடாவிலிருந்து வந்த உறவினர் ஞாபகப் பொருளாகக் கேட்டாலும் இதே சட்டம்தான். சந்தேகமென்றால் யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அரும்பொருளகத்தில் காட்டலாம்.

ஒவ்வொரு காசுக்கும் தனிக் கடதாசி உறை. அதில் நிறை, விட்டம், விளிம்பு எப்படி, எந்த வீட்டில் எந்தப் பெட்டியில் இருந்தது, கூடவே வேறென்ன கிடந்தது என்று எழுதுங்கள். கூடக் கிடந்த மலாயா முத்திரையோ கடிதமோ காசைவிட அதிகம் சொல்லலாம், ஆகவே பெட்டியைப் பிரித்து விற்கும் முன் எல்லாவற்றையும் ஒரே படத்தில் எடுத்துவையுங்கள். உறையில் எழுதுவது பென்சிலால், காசை உள்ளே வைக்குமுன்.